ஆளுக்கொரு கை

இன்று காலை உங்கள் கயிற்றுக்கு ஓர் ஆபத்து வந்தது, பாய். வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நின்றுகொண்டிருந்தார். செய்தித்தாள்களைக் கட்டுவதற்குக் கயிறு தேடிய என் மனைவி, பால்கனிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த பருத்திக் கயிற்று வளையத்தை எடுத்தாள். ஒரு காலத்தில் அது வெள்ளைக் கயிறு. முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எங்கள் வீட்டில் இது அபூர்வமாக நடக்கிற ஒன்று என்பதால் அவள் கத்தரிக்கோலைத் தாழ்த்தினாள்.

"பாயோட முடிச்சா இது?"

"ஆமாம்."

"பாதி உங்களோடதுதானே," என்று சொல்லி வளையத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். முகர்ந்து பார்த்தேன். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் பிறகு அதில் கொட்டிவாக்கத்துப் புகை மிச்சமிருக்க நியாயமில்லை. இருந்தது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் எழுதவில்லை.

நாம் முதலில் சந்தித்தது மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். உங்கள் ஃபைசலும் என் ரகுவும் சாரணர் படையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார்கள். என் பையனைச் சேர்த்ததற்குக் காரணம், அவன் வெயிலையே பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னது. உங்கள் பையனைச் சேர்த்ததற்குக் காரணம், அவன் வெயிலை விட்டு வீட்டுக்கே வருவதில்லை என்று உங்கள் மனைவி சொன்னது. இரண்டு வியாதிக்கும் காக்கி அரைக்கால் சட்டையையே மருந்தாகக் கொடுத்தார்கள்.

அன்று பெற்றோர் கூட்டம். ஸ்கவுட் மாஸ்டர், ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியர், சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள் என்று விளக்கினார். கேடயம் பிடிக்கும் கை இடது கை. அதை நீட்டுகிறவன் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு உங்களை நம்புகிறான் என்று பொருள். பெற்றோர்களும் பக்கத்தில் இருப்பவரோடு அப்படிக் குலுக்கிப் பார்க்கலாமே என்றார். மயிலாப்பூரில் இடது கையால் ஒரு வெற்றிலையைக்கூட நீட்ட முடியாது. நான் என் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த நீங்களும் அதையே செய்தீர்கள்.

"இன்னா வாத்தியாரே," என்றீர்கள். "ரெண்டு பேர் வீட்லயும் இதுக்கு அடி வுழும் போல கீதே."

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவன் என்பது உங்களுக்கு அப்போது தெரியாது. தியாகராய நகரில் சூட்கேஸ் கடை வைத்திருந்த உங்களுக்கு, கடைப்பக்கம் வருகிற எல்லோருமே வாத்தியார்தான். தெரிந்த பிறகும் நீங்கள் மரியாதையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இரண்டாவது சந்திப்பிலேயே என்னை 'நீ' என்றீர்கள். நான் கடைசி வரைக்கும் 'நீங்க'விலிருந்து இறங்கவில்லை. எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படி கொஞ்சம் உயரம்.

அன்று வேறு வழியில்லாமல் குலுக்கினோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாண்டி பஜார் நடைபாதையில் நாம் ஒருமுறை அப்படிக் குலுக்கியதை என் பெரியப்பா பார்த்துவிட்டார். அவருக்கு ஏதாவது மனஸ்தாபமா உன்மேல் என்று இரண்டு நாள் கழித்து ரகசியமாக என்னிடம் விசாரித்தார். நட்பு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஆண்டுக்கொரு முறை குடும்ப நாள் வரும். கொட்டிவாக்கத்தில், ஒரு பையனின் தாத்தாவுக்குச் சொந்தமான தென்னந்தோப்பில். அழைப்பிதழில்தான் அது தோப்பு. உண்மையில் கட்டட அனுமதிக்காகக் காத்திருந்த மனை. காத்திருந்த சலிப்பில் அதில் சில தென்னைகள் வளர்ந்திருந்தன. காலையில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், அம்மாக்களின் கயிறு இழுப்பு. மதியம் பையன்கள் பாத்திரமில்லாமல் சமைப்பார்கள். குச்சியில் சுற்றிய மாவு, தழலில் புதைத்த உருளைக்கிழங்கு. அவற்றைச் சாப்பிட்டுப் பெற்றோர்கள் பாராட்டுவார்கள். பிறகு அவரவர் கொண்டுவந்த தூக்குகளைத் திறந்து பசியாறுவார்கள்.

சைவ அடுப்புக்கும் அசைவ அடுப்புக்கும் நடுவே மணலில் ஒரு கயிற்றைக் கிடத்துவது பெற்றோர் குழுவின் தீர்மானம். கடற்காற்று எந்தக் குழுவிலும் உறுப்பினர் இல்லை. உங்கள் மனைவி, எங்கள் எல்லோருக்கும் பாபி, சுடும் கபாபின் வாசனை நேராக எங்கள் பக்கம்தான் வரும். எலுமிச்சை சாதத் தட்டோடு எங்கள் வரிசையில் நின்ற சிலர் கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்ததை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். "கண்டுக்காத வாத்தியாரே. மூக்கால துன்னா கணக்குல வராது."

இதற்கெல்லாம் பிறகு வரும் நமது அவமானம்: அப்பாக்களின் முடிச்சுப் போட்டி.

இரண்டு அப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். உள்பக்கத்துக் கைகளை ஒருவர் தோள்மேல் ஒருவர் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கைகளுக்கு வேலை கிடையாது. மிச்சம் ஆளுக்கொரு கை. அந்த இரண்டு கைகளாலும், சுருட்டிய ஜமக்காளத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, சாரணப் பையன்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் எளிய முடிச்சைப் போட வேண்டும். வலது மேல் இடது, அடுத்து இடது மேல் வலது. அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது சுற்றையும் முதல் சுற்றைப் போலவே போட்டுவிட்டால், பார்வைக்கு அதே மாதிரி ஒரு தப்பு முடிச்சு விழும். அதன் வால்கள் கயிற்றோடு ஒட்டிப் படுக்காமல் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். அது தேவையான நேரத்தில் நழுவும். இல்லாவிட்டால் இறுகி, பிறகு யார் சொன்னாலும் அவிழாது.

நமக்கு எல்லா வருடமும் அதுதான் விழுந்தது. தப்பு முடிச்சுப் போட்ட ஜோடி எத்தனை சீக்கிரம் முடித்தாலும் கடைசிதான், கடைசி ஜோடி அத்தனை பேரின் தட்டுகளையும் கழுவ வேண்டும் என்பது படையின் சட்டம். நமக்கு அந்தப் பம்படி நன்றாகப் பழகிவிட்டது. பழியும் எல்லா வருடமும் ஒன்றுதான். நீங்கள் வலப்பக்கம் நின்று வலது கையைப் பயன்படுத்துவீர்கள். எனக்கு இடது கை. "வலது மேல இடது!" என்று ஓரத்தில் நின்று பையன்கள் கத்துவார்கள். "எவன் வலது?" என்று நீங்கள் திருப்பிக் கத்துவீர்கள். தோற்ற பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, "உன் பீச்சாங்கை சரியில்ல வாத்தியாரே," என்பீர்கள். கூடவே உங்கள் தத்துவம்: "ஜிப்பு வந்தப்பறமும் முடிச்சு போட்டுகினு கீறானுங்க பாரு." சூட்கேஸ் வியாபாரியிடம் வேறு எந்தத் தத்துவத்தை எதிர்பார்க்க முடியும்?

பையன்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருடம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் உங்கள் வலது கை போர்வைக்கு மேல், வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தது. படித்தது எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. நீங்கள் இடது கையை நீட்டினீர்கள். "நமக்கு... பழக்கந்தானே," என்றீர்கள். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் தேடி எடுத்துக் கொடுப்பதுபோல இருந்தது உங்கள் பேச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். எல்லோர் கையிலும் ஆப்பிள் இருந்தது. எல்லோரும் உங்களிடம் சத்தமாகப் பேசினார்கள். நோய் வந்தது கைக்கு. உரக்கச் சொன்னால் கைக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். சிலர் நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பாபியிடம் திரும்பி, "சாப்பிடறாரா? தூங்கறாரா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் நீங்கள் யாரையும் பார்ப்பதில்லை என்று ஆயிற்று. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டீர்கள்.

அந்த வருடக் குடும்ப நாள் நம் பையன்களுக்குக் கடைசி. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் சென்னையில் எந்தப் பையனுக்கும் வானம், மணல், முடிச்சு எதுவும் அனுமதி இல்லை. ஃபைசல் அப்போது படையின் மூத்த அணித் தலைவன். முடிச்சுப் போட்டிக்கு அவன்தான் நடுவர். பாபி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, அவர் வரமாட்டேன்றார். அப்பா வரலன்னா நானும் போகலன்னு இவன் யூனிஃபார்ம சுருட்டி பீரோ மேல போட்டுட்டான். ரெண்டு பேரும் பேசி நாலு நாளாச்சு. நீங்க வந்து சொன்னா கேப்பார்."

நான் சொல்லி நீங்கள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் வந்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"இந்த வருஷம் எனக்கு ஜோடி யாரு?" என்றேன்.

"யாரையாச்சும்... பாத்துக்க."

"யோசிச்சுப் பாருங்க பாய். அந்தப் போட்டில ஆளுக்கு ஒரு கைதான். மத்தவங்களுக்கெல்லாம் இன்னொரு கையை மறக்கறதுக்கே பாதி நேரம் போயிடும். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. எல்லை தாண்டிவிட்டேனோ என்று எனக்கு வியர்த்தது. நீங்கள் என்னை நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"அடப்பாவி... வாத்தியாரே."

உள்ளே மறுபடியும் பாத்திரம் சத்தமிட்டது. சிரிப்பு அடங்கியதும் நீங்கள் ஒரு நிபந்தனை போட்டீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு நேரம் பிடித்தது.

"எவனும்... என்ன பாவம்னு பாக்கக் கூடாது. என் புள்ள... எதிர்ல. பாத்தா... கெளம்பிடுவேன்."

சரி என்றேன். அது என் கையில் இல்லை என்று சொல்லும்போதே தெரியும். நம் பெற்றோர் குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் எச்சரித்து வைத்திருக்கலாம்.

கொட்டிவாக்கத்தில் நிழலில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. அதன்மேல் தலையணை. அதைப் பார்த்ததும் உங்கள் நடை நின்றது. "ரகு உக்காந்துக்குவான்," என்று சொல்லி என் மகனை அதில் அமுக்கினேன். ஒருவர் பாபியிடம், "நடக்கறாரே, பரவாயில்லையே," என்றார். ஓர் அம்மாள் உங்கள் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைப் பிசைந்து கொடுக்க முன்வந்தார். நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். கழுத்தில் விசிலோடு ஃபைசல் தூரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

போட்டிக்கு முன் ஸ்கவுட் மாஸ்டர் உங்கள் அருகில் வந்து குனிந்தார். "பாய், நீங்க வேணா இந்த வாட்டி நடுவரா உக்காருங்களேன்."

"நடுவரு... என் புள்ள," என்றீர்கள். "நான்... போட்டி."

இந்த முறை நாம் பக்கம் மாறி நின்றோம். நீங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். உங்கள் வலது கையை நான் இரண்டு கைகளாலும் தூக்கி, என் கழுத்தைச் சுற்றித் தோள்மேல் போட்டுக்கொண்டேன். ஒரு கைக்கு அவ்வளவு கனம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. மிச்சமிருந்தது உங்கள் இடது கை, என் வலது கை. இருவரையும் சேர்த்துப் பார்த்தால் சுமாரான ஒரு ஆள் தேறுவான்.

விசில் ஊதினான் ஃபைசல். வழக்கமாக அந்த நொடியில் எழும் கூச்சல் எழவில்லை. வலது மேல இடது என்று எந்தப் பையனும் கத்தவில்லை. பக்கத்து ஜோடியைப் பார்த்தேன். வருடா வருடம் நம்மைக் கேலி செய்த வங்கி மேலாளர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அதை ஏதோ பொன் நகையைத் தேடுவதுபோல மணலில் தேடிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஜோடி போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தது.

"வேணும்னே... லேட்டு பண்றானுங்க," என்றீர்கள், என் காதருகில்.

"தெரியுது."

"இஸ்த்து... கட்டு."

கோபத்தில் நம் இரண்டு கைகளும் அன்று முதல் தடவையாக ஒத்துப்போயின. முதலாவதாக முடித்துவிட்டோம். ஸ்கவுட் மாஸ்டர் நம் பக்கம் கையை உயர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். நீண்ட, மென்மையான கைதட்டல். கச்சேரி மேடையில் வயதான வித்வான் பாடி முடிக்கும்போது சபையில் எழுமே, அது. சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்தார்கள். என்மேல் சாய்ந்திருந்த உங்கள் உடம்பு அப்படியே விறைப்பதை உணர்ந்தேன். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்று தெரிந்தது. வாசல் எந்தப் பக்கம் என்று உங்கள் கண் தேடியதையும் பார்த்தேன்.

அப்போது ஃபைசல் வந்தான். கைதட்டல் முடியக் காத்திருக்கவில்லை. ஜமக்காளத்தின் முன்னால் மண்டியிட்டு, முடிச்சை விரலால் திருப்பினான். இரண்டு வால்களையும் தொட்டுப் பார்த்தான். எழுந்து உங்கள் முகத்தைப் பார்த்தான்.

"இது தப்பு சார்."

"பரவால்லப்பா," என்றார் ஸ்கவுட் மாஸ்டர், தாழ்ந்த குரலில். "இன்னிக்கு..."

"வால் குறுக்க நிக்குது சார். தப்பு முடிச்சு. இவங்க கடைசி." பிறகு உங்களைப் பார்த்து, "எத்தினி வருசமாப்பா உனுக்குச் சொல்லிக் குடுக்கறது? போ, போய்த் தட்டு கழுவு," என்றான்.

உருளைக்கிழங்கு அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். நீங்கள் குனிந்து முடிச்சைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் உங்களுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. கோணலாக, எச்சில் தெறிக்க, நோய் வந்த பிறகு நான் கேட்டேயிராத சத்தத்தில்.

"கை மாத்தியும்... அதே முடிச்சுடா," என்றீர்கள். "அப்ப தப்பு... என் மேல இல்ல. இந்த வாத்தியாரு மேலதான்."

அதோடு பையன்கள் ஊளையிட ஆரம்பித்தார்கள். வங்கி மேலாளருக்குக் கயிறு உடனே கிடைத்துவிட்டது. "பாய், என் தட்டு நல்லா தேய்ங்க, எண்ணெய் பிசுக்கு போகாது," என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பம்படியில் நீங்கள் தட்டைப் பிடித்தீர்கள். நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். ரகு தண்ணீர் அடித்தான். ஸ்கவுட் மாஸ்டர் இரண்டு முறை உதவிக்கு ஆள் அனுப்பினார். ஃபைசல் இரண்டு முறையும் திருப்பி அனுப்பினான். தானும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு தென்னையில் சாய்ந்து நின்றுகொண்டு, முகத்தை முழங்கையால் அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தான். காற்றில் மணல் என்று நாம் இருவரும் பேசாமல் முடிவு செய்துகொண்டோம்.

கிளம்பும்போது முடிச்சு அவிழவில்லை. ஜமக்காளத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய வளையத்தை நீங்கள் உங்கள் இடது கையால் என் கழுத்தில் போட்டீர்கள். "ஜிப்புன்னா... தொறந்திருக்கும்," என்றீர்கள்.

அடுத்த வாரம் கடைக்குப் போனீர்கள். ஒற்றைக் கையால் சூட்கேஸ் ஜிப்பைத் திறந்து காட்டி, "பாரு, ஒரு கையே போதும்," என்று வியாபாரம் செய்தீர்கள். பையன்கள் பள்ளியை முடித்தார்கள், கல்லூரிக்குப் போனார்கள். போன மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

அன்று உங்கள் வீட்டு வாசலில் ஃபைசல் நின்றுகொண்டிருந்தான். தாடி வைத்திருந்தான். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவன் வலது கையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தை யோசித்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். என் முறை வந்தது. அவன் என்னைப் பார்த்தான். வலது கையைக் கீழே இறக்கிவிட்டு இடது கையை நீட்டினான். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் முகம் சுளித்திருப்பார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பேப்பர்காரருக்கு வேறு சணல் கொடுத்துவிட்டோம். அவர் போன பிறகு வளையத்தைக் கழுத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கயிற்றுக்குக் கனமே இல்லை. ஆனால் இடது தோளில், கழுத்துக்குப் பக்கத்தில், உங்கள் கை கிடந்த இடம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். பஸ்ஸில் யாராவது அங்கே சாய்ந்தால் நான் நகர்வதில்லை.

வளையம் மறுபடி பால்கனிக் கொக்கியில் தொங்குகிறது. முடிச்சைக் கிட்டத்தில் பார்த்தேன். ஃபைசல் சொன்னது சரிதான் பாய். வால் இன்னும் குறுக்கேதான் நிற்கிறது.